பென்சில் டவுன் சார் போட மறுத்த மார்க்

நான் மைசூரில் டீச்சராக இருந்த காலத்தில், ஒரு குழந்தையைக்கூட ‘வெரி குட்’ என்று சொல்லாமல் ஒரு பள்ளிக்கூடத்தில் வருஷக்கணக்காக உத்தியோகம் பார்த்த ஒரே மனிதர் பென்சில் டவுன் சார்தான். மைசூர் என்ன, தென்னிந்தியாவிலேயே அவர் ஒருவர்தான் என்று கற்பூரம் அணைக்க நான் தயார். ஒரு குழந்தை நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு, ஒன்பது அட்டைத் துண்டுகளைச் சேர்த்து ஒரு குதிரையை உண்டாக்கிவிட்டுப் பல்லெல்லாம் தெரிய நிமிர்ந்து பார்க்கும். எந்த மனுஷனுக்கும் அந்த இடத்தில் வாய் தன்னால் திறக்கும். இவர் “சரி, அடுத்தது” என்பார். குதிரைக்கு நாலு காலும் சரியாக இருந்தாலும் “சரி, அடுத்தது.” தலை இருக்க வேண்டிய இடத்தில் வால் முளைத்திருந்தாலும் அதே சுருதியில் அதே “சரி, அடுத்தது.”

“ஏன் சார், ஒரு வார்த்தை நல்லதாச் சொன்னா என்ன குறைஞ்சு போயிடும்?” என்று ஒருமுறை கேட்டேன்.

“குறையாது மிஸ், கூடிடும். அதுதான் தொந்தரவு. மேனுவல்ல பதினோராம் பக்கம் பாருங்க.”

அந்த மேனுவலை நான் பார்த்தே ஆக வேண்டிய நிலைமை எனக்கு எப்படி வந்தது என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கொள்ளேகாலிலிருந்து பி.எட். முடித்த கையோடு மைசூருக்கு வந்து, பன்னிமண்டபம் போகிற ரோட்டுக்கு ஒரு தெரு உள்ளே தள்ளியிருந்த ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு டீச்சராகச் சேர்ந்திருந்தேன். அப்போது பள்ளிக்கூடங்களுக்கு ஒரு புதுக் காய்ச்சல் வந்திருந்தது. பிள்ளைகளுக்குப் பாடப் பரீட்சை வைப்பது போதாது, அவர்களுடைய மூளைத் திறனையே அளந்துவிட வேண்டும் என்று. அதற்கென்று அச்சடித்த கேள்விப் புத்தகங்கள், படங்கள், மரக்கட்டைகள், விடைச் சாவி, டெஸ்டை எப்படி நடத்த வேண்டும் என்று விதி சொல்லும் மேனுவல் எல்லாம் ஒரு பெட்டியில் வரும். எல்லா ஊர்ப் பிள்ளைக்கும் ஒரே கேள்வி, ஒரே நேரம், ஒரே அளவுகோல். கடைசியில் ஒரு எண். எங்கள் ஸ்கூலில் அந்தப் பெட்டிக்குப் பொறுப்பாளர் பென்சில் டவுன் சார். எம்.ஏ. சைக்காலஜி படித்தவர், மைசூரிலேயே பிறந்த தமிழர், வயது நாற்பத்தைந்து இருக்கும், கல்யாணம் ஆகவில்லை. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஸ்டாப்வாட்ச் தொங்கும். நேரம் முடிந்ததும் “பென்சில் டவுன்!” என்று அவர் போடும் குரலில் காம்பவுண்டுக்கு வெளியே கடலை வறுக்கிறவன்கூடக் கரண்டியைக் கீழே வைத்துவிடுவான். அப்படி வந்த பெயர். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருந்தது.

அந்த மேனுவல் அவருக்கு வேதம், பகவத் கீதை, பஞ்சாங்கம் மூன்றும். அதில் உள்ள விதிகளைப் பரீட்சை அறையோடு நிறுத்திக்கொண்டிருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். ‘எந்த அறிவுறுத்தலையும் இரண்டு முறைக்கு மேல் சொல்லக் கூடாது’ என்று ஒரு விதி. ஒருநாள் வாசலில் ஒரு பெரியவர் ரயில்வே ஸ்டேஷனுக்கு வழி கேட்டார். இவர் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். பெரியவருக்குக் காது மந்தம், மறுபடி கேட்டார். மறுபடி சொன்னார். பெரியவர் மூன்றாவது முறை “என்ன சொன்னீங்க?” என்றதும், “உங்களுக்குத் தோணறபடி செய்யுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டார். அதுவும் மேனுவலில் உள்ள வாக்கியம்தான். நான் ஓடிப்போய் அந்தப் பெரியவரை ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்தேன்.

ஸ்டாஃப் ரூமில் என் புளியோதரையை ஒரு நாள் அவருக்குக் கொடுத்தேன். தட்டைக் காலி செய்தார். “எப்படி சார் இருந்துது?”

“நான் அதைச் சொல்லக் கூடாது மிஸ்.”

“ஏன்?”

“நான் சொன்னா அடுத்த தடவை அதுக்குத் தகுந்த மாதிரி பண்ணுவீங்க. அப்புறம் அது உங்க புளியோதரையா, என் அபிப்பிராயமா? தெரியாமப் போயிடும், அல்வா?”

‘அல்வா’ என்றால் இனிப்பு இல்லை. கன்னடத்தில் ‘இல்லையா’ என்று அர்த்தம். அவர் தமிழில் நாலு வார்த்தைக்கு ஒரு கன்னடம் ஓடும். இவர் பெண் பார்க்கப் போன இடத்தில், பெண் வந்து உட்கார்ந்ததும், “சந்தேகம் இருந்தா இப்பவே கேட்டுக்கலாம், ஆரம்பிச்ச அப்புறம் கேக்கக் கூடாது” என்று சொன்னதாக ஸ்டாஃப் ரூமில் ஒரு கதை உண்டு. நான் அதை நம்பவில்லை என்று சொல்லத்தான் ஆசை.

அந்த வருஷம் ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைக் கூப்பிட்டு, “இரண்டாம் வகுப்பு டெஸ்டுக்கு அவருக்கு நீங்கள் உதவி” என்றார். என்ன பாவம் செய்தேன் என்று கேட்க நினைத்தேன். கேட்காமலே தெரிந்தது: எனக்கு முன்னால் இருந்த மூன்று பேரும் மாற்றல் கேட்டு அழுதிருக்கிறார்கள்.

எண்பத்து நாலு பிள்ளைகள். எண்பத்து நாலு பென்சில். டெஸ்டுக்கு முந்தின நாள் மத்தியானம் முழுக்க இரண்டு பேரும் பென்சில் சீவினோம். எல்லாம் ஒரே நீளம் இருக்க வேண்டும். ஸ்கேல் வைத்து அளந்தார். என் பென்சில்களில் பதினேழைத் திருப்பிக் கொடுத்தார்.

“சார், அரை இஞ்ச் குறைஞ்சா குழந்தைக்கு மூளை குறைஞ்சிடுமா?”

“ஹாகல்ல மிஸ், அப்படி இல்ல. நீள பென்சில் வெச்சிருக்கறவனைக் குட்டை பென்சில் வெச்சிருக்கறவன் பாப்பான். பாக்கறதுக்கு மூணு செகண்ட் போகும். அந்த மூணு செகண்டை யார் திருப்பித் தருவா?”

எனக்கு அன்று மத்தியானம் முழுக்கப் போனதை யார் திருப்பித் தருவார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்கும் ஒரு பக்கம் எண் சொல்வார் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

இந்த இடத்தில் மாதேஸ்வரியைச் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் ஸ்கூலுக்குப் பின்னால் புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. வேலை செய்தவர்களில் பாதிப் பேர் எங்கள் கொள்ளேகாலைத் தாண்டி இருக்கிற ஹனூர், ராமாபுரம் பக்கத்துத் தமிழர்கள். அந்த ஆகஸ்ட் பதினைந்து அன்று, கொடியேற்றிவிட்டு, மைக்கைப் பிடித்த ஸ்கூல் நிர்வாகச் செக்ரெட்டரி உணர்ச்சிவசப்பட்டு, “இந்தக் கட்டடத்தைக் கட்டுகிற கைகளின் குழந்தைகளும் இங்கே படிக்க வேண்டும்” என்று கன்னடத்தில் முழங்கினார். கைதட்டினோம். அத்தோடு முடிந்தது என்று அவர் நினைத்திருப்பார். மறுநாள் காலை எட்டரைக்கு சிமென்ட் படிந்த புடவையோடு ஒரு அம்மா, எண்ணெய் வைத்துப் படிய வாரின ஏழு வயதுப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு ஆபீஸ் வாசலில் நின்றார்.

“ஏனுங்க டீச்சரம்மா, நேத்து ஐயா மைக்குல சொன்னாங்கல்லங்க? கூட்டியாந்துட்டனுங்க” என்றார்.

முந்நூறு பேர் கேட்ட வார்த்தை. செக்ரெட்டரியால் விழுங்க முடியவில்லை. மாதேஸ்வரி என் வகுப்பில் சேர்ந்தாள். ராமாபுரத்தில் ஒரு வருஷம் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். தமிழ் பேசுவாள், கன்னடம் புரியும், ஆங்கிலம் என்றால் ‘மே ஐ கோ டு டாய்லெட்’ ஒன்றுதான். அதையும் எல்லாவற்றுக்கும் உபயோகிப்பாள். வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிட்டால் எழுந்து “மே ஐ கோ டு டாய்லெட்” என்பாள்.

ஒரு மாதத்துக்குள் செக்ரெட்டரிக்கு வழி கிடைத்துவிட்டது. இந்த வருஷத் திறன் டெஸ்டை வைத்து இரண்டாம் வகுப்பை ‘ஏ’, ‘பி’ என்று பிரிப்பது. இன்ன எண்ணுக்குக் கீழே வருகிற பிள்ளைகளின் பெற்றோரைக் கூப்பிட்டு, ‘வேறு பொருத்தமான பள்ளி’ பார்க்கச் சொல்வது. விஞ்ஞானமே சொல்லிவிட்ட பிறகு யார் என்ன பேச முடியும்?

டெஸ்ட் நாள் வந்தது. காலையில் சார் சமையலறைக்கு ஆள் அனுப்பி குக்கரை அணைக்கச் சொன்னார். கிறீச் கிறீச் என்ற ஃபேனை நிறுத்தினார். ஜன்னலில் உட்கார்ந்த காக்காயை இரண்டு முறை சூ என்றார். மூன்றாவது முறை சொல்லவில்லை. அது உட்கார்ந்தே இருந்தது. எண்பத்து நாலு பிள்ளைகளும் ஹாலில் கைகட்டி உட்கார, மேனுவலைப் பிரித்து, “உங்கள் முன்னால் ஒரு புத்தகம் இருக்கிறது. நான் சொல்லும்வரை அதைத் திறக்காதீர்கள்” என்று ஆங்கிலத்தில் படித்தார். ஸ்டாப்வாட்ச் க்ளிக் என்றது.

நாலாவது நிமிஷம், வெளியே மணிச் சத்தம். தசராவுக்கு யானைகளை நடை பழக்கும் காலம் அது. தினமும் மெயின் ரோட்டோடு போகிறவை, அன்றைக்கு என்னவோ ரோட்டை வெட்டிப் போட்டிருந்ததால் எங்கள் தெருவுக்குள் திரும்பிவிட்டன. ஆனையைப் பார்த்த ஏழு வயதுப் பிள்ளையைத் தடுக்க எந்த மேனுவலாலும் முடியாது. எண்பத்து நாலு பேரும் ஜன்னலில். நானும் ஜன்னலில். காக்காய் மட்டும் பறந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால், காலி ஹாலின் நடுவில் நின்றுகொண்டு பென்சில் டவுன் சார் ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். ‘சோதனையின்போது ஏற்பட்ட இடையூறுகள்: சத்தம், வெளிச்சக் குறைவு, பார்வையாளர் வருகை, பிற.’ அவர் ‘பார்வையாளர் வருகை’ என்பதை டிக் செய்து, எதிரே ‘மூன்று. யானைகள்’ என்று எழுதியிருந்தார்.

“பிறன்னு போட வேண்டியதுதானே சார்?”

“வந்து பாத்துட்டுப் போனா பார்வையாளர்தானே மிஸ்?”

டெஸ்ட் ரத்து. பார்த்த கேள்வியை மறுபடி கொடுக்கக் கூடாதாம். இன்னொரு கேள்விப் புத்தகம் பெங்களூரிலிருந்து வர மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் எண்பத்து நாலு பென்சிலையும் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

இரண்டாவது தடவை யானை வரவில்லை. ஆனால் முன் வரிசையில் ஒரு பிள்ளை சுண்டுவிரலைக் காட்டியது. டெஸ்ட் நடுவில் வெளியே விடலாமா? இவர் மேனுவலைப் புரட்ட ஆரம்பித்தார். பொருளடக்கம் பார்த்தார். பின்னிணைப்பு பார்த்தார். ‘விடலாம்’ என்று போட்டிருந்த பக்கத்தைக் கண்டுபிடித்து நிமிர்ந்தபோது விஷயம் பெஞ்சுக்குக் கீழே தரைக்கு வந்துவிட்டிருந்தது. நான்தான் துடைத்தேன். துடைக்கும்போது மனதுக்குள் சொன்னதை இந்தப் பத்திரிகையில் அச்சிட மாட்டார்கள்.

ஒரு வாரத்தில் எண்கள் வந்தன. கடைசி இடம் மாதேஸ்வரி. கடைசிக்கு முந்தின இடத்தில் யார் என்று பார்த்தால், செக்ரெட்டரியின் சொந்தப் பேரன்.

நான் நேராகப் பென்சில் டவுன் சார் அறைக்குப் போனேன். அறை என்றால் மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை.

“சார், மாதேஸ்வரிக்கு ஒரு பத்து மார்க் கூடப் போடுங்க.”

“முடியாது மிஸ்.”

“போடலைன்னா அவளை அனுப்பிடுவாங்க சார். அந்த அம்மா தினமும் ஸ்லாப் மேல நின்னு இவ கிளாஸையே பாத்துக்கிட்டு வேலை செய்யறாங்க.”

“காலைல செக்ரெட்டரியும் வந்தார். பேரனுக்குப் பதினஞ்சு கேட்டார். அவருக்கும் இதே பதில்தான்.”

“அவரும் நானும் ஒண்ணா சார்?”

“நீங்க அஞ்சு கம்மியாக் கேட்டீங்க. அவ்வளவுதான் வித்தியாசம்.”

எனக்கு வந்த கோபத்தில் மேஜையைத் தட்டினேன். மரக்கட்டைகள் உருண்டன. “நீங்க மனுஷனா, மேனுவலா சார்? ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாத பொண்ணு. வீட்ல தமிழைத் தவிர ஒண்ணும் கிடையாது. அவகிட்ட இங்கிலீஷ்ல கேள்வி கேட்டு, மூளை இல்லைன்னு எழுதி வெச்சிருக்கீங்களே, உங்களுக்குத் தூக்கம் வருதா?”

கீழே விழுந்த கட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார்.

“வீட்ல என்ன பாஷைன்னீங்க?”

“தமிழ்!”

“படிவத்துல வீட்டு மொழி இங்கிலீஷ்னு இருக்கே.”

“யார் எழுதினது?”

எண்பத்து நாலு படிவத்தையும் எடுத்தார். எல்லாவற்றிலும் ‘வீட்டு மொழி: ஆங்கிலம்’. ஆபீஸில் கேட்டால், இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல்தானே என்று கிளார்க் மொத்தமாக நிரப்பி அனுப்பியிருக்கிறார். பென்சில் டவுன் சார் முகம் வெளுத்துப் போனது. என்மேல் கோபம் வருமென்று பார்த்தால், தன் தலையிலேயே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார். “நான் கேட்டிருக்கணும். நான் கேட்டிருக்கணும் மிஸ். இருபத்தி ரெண்டாம் பக்கம்.”

மறுநாள் காலை, பிரேயர் முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளையாக வரிசையில் கூப்பிட்டார். “வீட்ல என்ன மொழி?” என்று கேட்டால் பிள்ளைகள் ஸ்டைலாக “இங்கிலீஷ்” என்கிறார்கள் என்று இரண்டாவது பிள்ளையிலேயே கண்டுபிடித்துக் கேள்வியை மாற்றினார். “உங்கம்மா எந்த பாஷைல திட்டுவாங்க?” உடனே உண்மை கொட்டியது. கன்னடத்தில் திட்டுகிற அம்மாக்கள், தமிழில், உருதுவில், தெலுங்கில், துளுவில், கொங்கணியில் திட்டுகிற அம்மாக்கள். ஒரு பிள்ளை, “அம்மா தமிழ்லயும் அப்பா கன்னடத்துலயும், சண்டை முத்தினா இந்தி” என்றது. ஆங்கிலத்தில் திட்டுகிற அம்மா அந்த ஸ்கூலில் ஒருவர்கூட இல்லை.

அன்று மத்தியானம் ஹெட்மிஸ்ட்ரஸ் அறையில் சார் செக்ரெட்டரிக்கு எதிரே நின்றுகொண்டு, “எண்பத்து நாலு ரிசல்ட்டும் செல்லாது சார்” என்றார்.

செக்ரெட்டரி முதலில் சிரித்தார். அப்புறம் “ஏன்ரீ இது?” என்று கன்னடத்தில் அதட்டினார். அப்புறம் ஆங்கிலத்துக்கு மாறினார். அவருக்கு ஆங்கிலம் கோபத்தில்தான் வரும். யானைக்கு ஒரு முறை, இப்போது அம்மாக்கள் திட்டுவதற்கு ஒரு முறை, இந்த ஸ்கூலில் ஒரு டெஸ்ட் எப்போதுதான் முடியும்?

“வீட்ல இங்கிலீஷ் பேசற பிள்ளைங்களை வெச்சு உண்டாக்கின அளவுகோல் சார். நம்ம பிள்ளைங்களை இதால அளக்கக் கூடாது. தராசுல துணியை நிறுத்து எத்தனை மீட்டர்னு சொல்ற மாதிரி.”

“என் பேரன்?”

“அவனுக்கும் செல்லாது.”

அந்த ஒரு வாக்கியத்தில் செக்ரெட்டரியின் குரல் இறங்கியது. பேரனுக்கு அது நல்ல செய்திதானே! யோசித்துவிட்டு, “சரி. அந்த லேபரர் பெண்ணுக்கு மட்டும் அவளுடைய பாஷையிலேயே தனியாக வைத்து ஒரு எண் கொடுங்கள். ஒரு தாள், ஒரு எண், உங்கள் கையெழுத்து. எனக்கு அது போதும்” என்றார்.

தனியாக உட்கார்த்தி வைக்கிற டெஸ்ட் வேறு ஒன்று உண்டு. படங்கள், கட்டைகள், வாய்க் கேள்விகள். சாரின் மைசூர்த் தமிழ் அவளுக்குப் புரியவில்லை. மொழிபெயர்க்க ஓர் ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று மேனுவலில் இருந்தது. அந்த ஆள் நான். ‘முதலில் குழந்தையோடு நட்பு ஏற்படுத்திக்கொள்ளவும்’ என்றும் இருந்தது. அதற்கு ஸ்டாப்வாட்ச்சைத் தட்டிவிட்டுக் குட்டி நாற்காலியில் முழங்கால் மூக்கில் இடிக்க உட்கார்ந்தார். இரண்டு பேரும் ஒரு நிமிஷம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஏனுங்க, இதென்ன மாட்டுக்குக் கட்டற மணி மாதிரி கழுத்துல?” என்றாள் மாதேஸ்வரி.

“கடியாரம்.”

“தொலைஞ்சு போயிருவீங்கன்னு கட்டியுட்டாங்களா?”

அவர் சிரிக்கவில்லை. “நட்பு ஆயிடுச்சு” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் படிவத்தில் எழுதிக்கொண்டார்.

மூன்றாவது கேள்வியிலேயே என்னைப் பிடித்துவிட்டார். “மிஸ், நீங்க புருவத்தைத் தூக்கறீங்க.”

“இல்லியே!”

“சரியான படத்துக்கு மேல கை போகும்போது தூக்கறீங்க. அவ உங்க புருவத்தைப் பாத்துப் பதில் சொல்றா.”

மிச்ச டெஸ்ட் முழுக்க நான் கரும்பலகையைப் பார்த்துத் திரும்பி நின்றபடி மொழிபெயர்த்தேன். தண்டனை வாங்கின பிள்ளை மாதிரி. வராந்தாவில் போன என் வகுப்புப் பிள்ளைகள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஒரு வீட்டுப் படம் வந்தது. ‘இதில் என்ன இல்லை?’ என்பது கேள்வி. அந்தப் படத்தை எனக்குத் தெரியும். கூரையில் புகைபோக்கி இல்லை, அதுதான் விடை. மைசூரில் புகைபோக்கி வைத்த வீட்டில் எந்தக் குழந்தை இருக்கிறது?

மாதேஸ்வரி பார்த்தாள். கொஞ்ச நேரம் ஆயிற்று. “மேல கம்பி உடலைங்க” என்றாள்.

“என்ன கம்பி?” என்றேன் கரும்பலகையிடம்.

“தூண் கம்பி. இப்படி மேல நீட்டி உடோணுங்க. இல்லாட்டி அப்பறம் மாடி எப்படி எடுப்பாங்க? இது தெரியாத மேஸ்திரி கட்டினதுங்க.”

நான் விதியை மீறித் திரும்பிப் பார்த்தேன். சார் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் புதுக் கட்டடத்தின் மேல் வரிசையாகத் தூண் கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன. எண்ணிப் பார்த்திருப்பார்போல, உதடு அசைந்தது. அப்புறம் குனிந்து படிவத்தில் பூஜ்யம் போட்டார்.

“சார்!” என்று கத்தினேன். “பூஜ்யமா?”

“சாவில புகைபோக்கின்னு இருக்கு மிஸ்.”

“அவ சொன்னது சரியா இல்லையா?”

“சரி.”

“அப்புறம்?”

“சாவி தப்பு. ஆனா சாவியை மாத்த எனக்கு அதிகாரம் இல்ல. திரும்பி நில்லுங்க.”

அடுத்தது, ‘செங்கல் எதற்கெல்லாம் உதவும்?’ ஒரு நிமிஷத்துக்குள் சொல்லி முடிக்க வேண்டும். விடை எழுத இரண்டு கோடு விட்டிருந்தார்கள். அவள் சுவரில் ஆரம்பித்தாள். அடுப்புக்கு மூணு. தண்ணித் தொட்டியில் போட்டால் தண்ணி மேலே வரும். தூளி ஆடாமல் இருக்கத் தொங்கவிடலாம். பொடி செய்து பல் தேய்க்கலாம், பாத்திரம் தேய்க்கலாம். சுட வைத்துத் துணியில் சுற்றினால் இடுப்பு வலிக்கு அம்மாவுக்கு ஒத்தடம். கோலி விளையாடக் கோடு கிழிக்கலாம். தலைக்கு வைத்துப் படுக்கலாம், ஆனால் அதில் எறும்பு இருக்கிறதா என்று முதலில் தட்டிப் பார்க்க வேண்டும். இப்படிப் போய்க்கொண்டே இருந்தது. பின்னால் தாள் புரட்டுகிற சத்தம். இரண்டு கோடு போதாமல் ஓரத்தில் எழுதி, ஓரம் போதாமல் தாளின் பின்பக்கம் எழுதுகிறார். அவள் மூச்சுவிட நிறுத்தியபோது, “அப்புறம்?” என்று ஒரு குரல். யார் என்று திரும்பிப் பார்த்தேன். அவர்தான்.

அவள் போன பிறகு ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்தார். நிறுத்த வேண்டியதை அமுக்கவே இல்லை. பதினொரு நிமிஷம் ஓடியிருந்தது. உடனே ஒரு படிவத்தை எடுத்து, ‘நேர மீறல், தேவையற்ற ஊக்கம்: சோதனையாளரின் தவறு’ என்று தன்மேலேயே புகார் எழுதிக் கையெழுத்துப் போட்டார். சாட்சிக்கு என்னிடம் நீட்டினார். நான் போட மாட்டேன் என்றேன். போடும்வரை விடவில்லை.

மறுநாள் செக்ரெட்டரி மேஜையில் ஏழு பக்க ரிப்போர்ட். முதல் பக்கத்தில் அவள் சொன்ன செங்கல் உபயோகங்கள் அத்தனையும் எண் போட்டு. இரண்டாம் பக்கத்தில், ‘வீட்டுப் படம்: குழந்தையின் பதில் சரி. விடைச் சாவி தவறு. மதிப்பெண் பூஜ்யம்.’ செக்ரெட்டரி ஏழு பக்கத்தையும் புரட்டிக் கடைசிக்கு வந்தார்.

“எண் எங்கே?”

“இல்ல சார். ராமாபுரத்துத் தமிழ்ப் பிள்ளைங்களுக்குன்னு யாரும் இதுவரைக்கும் அளவு உண்டாக்கல. அளவு இல்லாம எண் போட முடியாது.”

“தோராயமாக?”

“தோராயம்னு போட்டாலும் அதுவும் எண்தான் சார்.”

“போட்டுவிடுங்கள் என்கிறேன்.”

“மாட்டேன் சார்.”

அப்போதும் அவர் குரல் உயரவில்லை. வீராவேசம் ஒன்றும் கிடையாது. புளியோதரைக்குச் சொன்ன அதே ‘கூடாது’. நான் கதவோரம் நின்று, ஒரு வரி, ‘இந்தக் குழந்தை கெட்டிக்காரி’ என்று ஒரே ஒரு வரி எழுதினால் என்ன இந்த மனுஷனுக்கு என்று பல்லைக் கடித்தேன். எழுதவில்லை. ஆனால் எண் இல்லாத தாளைக் காட்டி ஒரு குழந்தையை வெளியே அனுப்ப முடியாது. எண்பத்து நாலு பேரையும் பிரிக்கவும் முடியவில்லை. ‘ஏ’யும் இல்லை, ‘பி’யும் இல்லை. மாதேஸ்வரி அந்த வருஷம் என் வகுப்பிலேயே இருந்தாள். கட்டடம் முடிந்து அவர்கள் குடும்பம் ஹாசனில் வேறு வேலைக்குப் போகும் வரை, ஒன்றரை வருஷம் எங்கள் ஸ்கூலில் படித்தாள். டி.சி.யில் நான்தான் எழுதினேன்: ‘நான்காம் வகுப்புக்குத் தேர்ச்சி.’ அவள் அம்மா அதை வாங்கிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, புடவை முந்தியில் சுற்றி வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவளைப் பற்றி எனக்குத் தெரியாது.

சாருக்கு, டெஸ்ட் நடந்த வருஷம் முடிகிற மார்ச்சிலேயே ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. காரணம் எதுவும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கடைசி நாள் நான் கொதித்துப்போய், “அன்னிக்கே ஒரு நல்ல எண்ணாப் போட்டிருந்தா இப்படி ஆகுமா சார்? அவளையும் காப்பாத்தியிருக்கலாம், உங்க வேலையும் இருந்திருக்கும். கொஞ்சம் வளைஞ்சா என்ன?” என்று கத்தினேன். டிபன் பாக்ஸைப் பையில் வைத்துக்கொண்டே, “நீங்க நல்லாக் கத்தறீங்க மிஸ்” என்றார். என்னைப் பற்றி அவர் சொன்ன ஒரே அபிப்பிராயம். சொன்னதும் தப்புச் செய்தவர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நஞ்சன்கூட்டில் அக்கா வீட்டோடு போய் இருக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன்.

ஜூனில் புதிதாக ஒரு கவுன்சலர் அம்மா வந்தார். இனிமையானவர். பிள்ளைகளைக் கன்னத்தில் கிள்ளுவார், எல்லோரையும் பாராட்டுவார், எந்த எண் வேண்டுமோ அந்த எண்ணைப் போட்டுக் கொடுப்பார். டெஸ்ட் அரை மணியில் முடிந்தது. பென்சில்கள் எந்த நீளத்தில் இருந்தாலும் அவருக்குச் சம்மதம். அந்த டெர்ம் முழுக்க நான் யாரோடும் ஒரு வார்த்தை சண்டை போடவில்லை. ஒருநாள் ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “என்னம்மா, ரொம்ப அமைதியாக இருக்கிறீர்களே, உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார்.

“ஆமாம் மேடம், கொஞ்ச நாளாவே சரியில்லை” என்றேன்.